பட்டியலில் எழுதாத நாலு சாமான்

என் வாழ்க்கையில் நான் துப்புத் துலக்கியது ஒரே ஒரு வழக்குத்தான். அதற்கு முன்னால் செய்ததை வழக்கு என்று சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்து வளவு ஹவ்வா உம்மாவின் தாரா வாத்து முட்டைகள் தினமும் காணாமல் போயின. திருடியது யார் என்று கண்டுபிடித்துக் கொடுத்தேன். வேறு யாருமில்லை, ஹவ்வா உம்மாவேதான். எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, வைத்ததை மறந்து, ஒழுங்கைத் தெரு முழுக்க ஏசிக்கொண்டு திரிந்திருக்கிறார். அதற்குக் கூலியாக ஒரு முட்டை கிடைத்தது. நான் அப்போது பதினொரு வயதுச் சிறுமி. கல்முனைக்குடியின் ஒரே துப்பறிவாளர் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பைத்தியத்தைத் தொற்ற வைத்தவர் செல்லத்தங்கம் டீச்சர். பாண்டிருப்பிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தவர். அவரிடம் துப்பறியும் சிறுவர் கதைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வாரத்துக்கு ஒன்று தருவார். எல்லாவற்றிலும் ஒரு பையன் வருவான். கொப்பியும் பென்சிலும் வைத்திருப்பான். பார்த்ததையெல்லாம் பட்டியல் போடுவான். கடைசியில் பெரியவர்களையெல்லாம் ஒரு மண்டபத்தில் கூட்டிவைத்து, இவர்தான் என்று விரலை நீட்டுவான். எல்லாரும் கை தட்டுவார்கள். அந்தப் பையனுக்கு உம்மா வாப்பா இருந்தார்களா என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

என் வாப்பா மீராசாஹிபு புடவை வியாபாரி. மருதமுனையில் சாரன் என்கிற கைலிகளை வாங்கி, மூட்டை கட்டி, பதுளைப் பக்கம் கொண்டுபோய் விற்பார். போனால் பத்து நாள். சொந்த ஊர் நிந்தவூர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். ஆகவே எங்கள் வீடு, கிணறு, கட்டில், அலுமாரி எல்லாம் என் உம்மா ஜுனைதாவுடையது. வாப்பாவின் வியாபார முதலும் சைக்கிளும் கைக்கடிகாரமும்கூடப் பெண் வீட்டார் கொடுத்தவை. மாப்பிள்ளை வந்து இறங்கும்போது என்ன கொண்டு வருகிறார் என்று பெண்டுகள் வாசலிலேயே எண்ணிவிடுவார்கள். வாப்பா கொண்டு வந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு வெற்றிலை வட்டா, ஒரு சவரக் கத்தி, ஒரு குடை. 'நாலு சாமானோட வந்த மாப்பிள்ளை' என்று எங்கள் வீட்டில் பகிடி பண்ணுவார்கள். வாப்பாவும் சிரிப்பார். அவர் சிரித்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பர் இருபத்து மூன்று, வியாழக்கிழமை, இலங்கையின் கிழக்குக் கரையில் புயல் அடித்தது. அதைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாப்பா வீட்டில் இல்லை. "வெளிய போயிரிக்காரு" என்றார் உம்மா. பொழுது சாயக் காற்று ஏறியது. விடிந்தபோது எங்கள் வீட்டில் மூன்று வெளிச் சுவரும், சுவரும் கூரையுமாக ஓர் அறையும் மிஞ்சியிருந்தன. குசினி இருந்த இடத்தில் அடுப்புக் கல் மட்டும் இருந்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. நான் அழவில்லை. யாரும் அழவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, ஊருக்கே அப்படி ஆகியிருந்தது.

வாப்பா வரவில்லை. சாரன் மூட்டை நனைந்துபோய் வீட்டில் கிடந்தது, ஆகவே அவர் வியாபாரத்துக்குப் போகவில்லை. சைக்கிள் சுவரோடு கிடந்தது, ஆகவே தூரம் போகவில்லை. கடிகாரம் அலுமாரிக்குள் இருந்தது. காற்றுக்கு முன் தோணிகளைக் கரையேற்றி இழுக்கப் போகிறவன்தான் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவான். கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் இப்படிக் கணக்குப் பார்த்தது. அந்தப் பின்னேரம் கடற்கரையில் அவரைப் போல ஓர் ஆளைக் கண்டதாக ஒருவர் சொன்னார். ஓம், நானும் கண்டேன் என்றார் இன்னொருவர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த மழையில் எல்லா ஆண்களும் ஒரே மாதிரித்தான் தெரிந்திருப்பார்கள். எட்டாம் நாள் பள்ளிவாசலில் மையித்து இல்லாமலே, உடல் கிடைக்காமலே, ஜனாஸாத் தொழுகை நடந்தது. நிந்தவூரிலிருந்து வாப்பாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், எனக்குப் பெரிய வாப்பா, முகம்மது தம்பி வந்து தேம்பித் தேம்பி அழுதார். உம்மாவுக்கு வெள்ளை உடுத்தி, கூரை மிஞ்சிய அறைக்குள் இத்தா இருத்தினார்கள். நாலு மாதம் பத்து நாள். வெளி ஆண்கள் யாரையும் பார்க்கக் கூடாது. அறை வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினார்கள்.

உம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. திகைச்சுப் போனாள் பாவம் என்றார்கள் பெண்டுகள்.

இரண்டு கிழமை கழித்து எங்கள் ஊரின் அரசாங்க அலுவலர் விதானையார் வந்தார். புயலில் இழந்த சாமான்களை ஒவ்வொரு வீட்டாரும் எழுதிக் கொடுக்க வேண்டும். உம்மா அவர் முன்னால் வர முடியாது. என் கையெழுத்து அழகு. ஆகவே விதானையார் முற்றத்தில் கதிரையில் அமர்ந்திருந்தார், உம்மா திரைக்குப் பின்னால் இருந்து சொன்னார், நான் நடுவில் நிலத்தில் இருந்து எழுதினேன். கொப்பி, பென்சில், பட்டியல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. புத்தகத்துப் பையன் மாதிரி.

கூரைத் தகரம் பதினெட்டு. தையல் மெசின் ஒன்று. அலுமாரிக் கதவு ஒன்று. பெரிய அண்டா ஒன்று. பாய் ஆறு. உம்மா நிறுத்தினார். நான் எழுதியதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"உம்மா, வாப்பாட பெட்டி?"

"அத எழுதாத."

"வட்டா? குடை? சவரக் கத்தி? அதுகளையும் காணல்லயே."

"எழுதாத எண்டு செல்றன். அது இந்த வீட்டுச் சாமான் இல்ல, புள்ள. அவரு கொண்டு வந்தது."

விதானையார் தலையாட்டினார். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. ஊரில் யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் கொப்பி என் கையில்தானே இருந்தது. விதானையார் போன பிறகு கடைசித் தாளில் அந்த நாலையும் எழுதி வைத்தேன். காரணம் சொல்கிறேன். வாப்பா மவுத்தாகிவிட்டார் என்று நான் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை. மையித்து இல்லாத கொலையை என் புத்தகத்துப் பையன் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டான். வாப்பா எங்கேயோ அடிபட்டுக் கிடக்கிறார், தன் பெயரை மறந்துபோய் ஏதோ ஆசுபத்திரியில் படுத்திருக்கிறார், நான் கண்டுபிடித்துக் கூட்டிவர வேண்டும். எனக்கு வாப்பா வேண்டும். அவ்வளவுதான் என் வழக்கு.

எங்கள் சாமான்கள் எங்கே போயின என்று தேடத் தொடங்கினேன். ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தேன். தகரங்களில் பதினொன்று கிடைத்தது. தையல் மெசினின் தலை ஹவ்வா உம்மாவின் கிணற்றடியில் குப்புறக் கிடந்தது. அலுமாரிக் கதவு பள்ளிக்கூட வேலியில் சாய்ந்து நின்றது, கண்ணாடிகூட உடையவில்லை. அண்டாவுக்குள் யாரோ கோழி அடைத்து வைத்திருந்தார்கள். கிடைத்த இடங்களையெல்லாம் கொப்பியில் புள்ளி வைத்தேன். எல்லாப் புள்ளியும் வீட்டுக்கு மேற்கே, பெரிய ரோட்டுப் பக்கம் விழுந்தது. காற்று கடலிலிருந்து வந்து எல்லாவற்றையும் ஊருக்குள் எறிந்திருக்கிறது. ஒன்றைக்கூடக் கடலுக்குக் கொண்டுபோகவில்லை.

வாப்பாவின் நாலு சாமானில் ஒன்றுகூட இல்லை.

பிறகு வீட்டுக்குள் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய இடம். உம்மாவின் கட்டிலுக்குக் கீழே இரண்டு தகரப் பெட்டி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஈரம் ஏறாமல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு செங்கல். உம்மாவின் பெட்டி அதன் கல் மேல் அப்படியே இருந்தது. வாப்பாவின் பெட்டி இருந்த இடத்தில் இரண்டு கல் மட்டும் இருந்தது, ஒரு விரல் அளவுகூட நகராமல். மேலே கூரையும் இருந்தது, சுற்றிச் சுவரும் இருந்தது.

நான் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டே கொப்பியில் எழுதினேன். இன்றைக்கும் அந்த எழுத்து ஞாபகம். 'காற்றுக்கு எப்படித் தெரியும், எது மாப்பிள்ளை கொண்டு வந்தது என்று?'

மூட்டையை விட்டிருக்கிறது. சைக்கிளை விட்டிருக்கிறது. கடிகாரத்தை விட்டிருக்கிறது. பெண் வீட்டார் அவருக்குக் கொடுத்த எதையும் தொடவில்லை. அவர் கொண்டுவந்த நாலை மட்டும், நாலையும், பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அப்படிப் பொறுக்கத் தெரிந்தது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

வாப்பா மவுத்தாகவில்லை!

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இனியும் படப்போவதில்லை. நான் கண்டுபிடித்ததில் பாதிதான் எனக்குத் தெரிந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்பது ஒரு பாதி. அவர் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது மற்றப் பாதி. இரண்டுக்கும் சாட்சி அதே இரண்டு செங்கல்தான். அந்த மற்றப் பாதியை நான் பார்க்கவேயில்லை. எல்லாரையும் பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டி விரலை நீட்டிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் முதலில் உம்மாவுக்கு.

கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே வந்தேன். உம்மா திரைக்கு இந்தப் பக்கம் நிலத்தில் இருந்து, நிவாரண அரிசியைச் சுளகில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே, புத்தகத்துப் பையன் மாதிரி, ஒன்று இரண்டு மூன்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். உம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. ஒரு கல், இன்னொரு கல்.

"மெதுவாக் கதை" என்றார். பிறகு, "இத ஆருக்கிட்டச் சென்ன?"

"ஒருத்தருக்கும் செல்லல்ல. நீங்கதான் முதல்."

"வியாழக்கிழம நீ பள்ளிக்கூடம் போன பிறகு பெட்டியக் கட்டினாரு. இந்தா இந்த இடத்திலதான் வெச்சுக் கட்டினாரு. நான் பாத்துக்கிட்டு இருந்தன்."

கொப்பியை மூடினேன்.

"வேற ஊருல ஒரு வீடு இரிக்காம். அங்க போறாராம். வட்டாவ எடுத்தாரு, கத்திய எடுத்தாரு. படி இறங்கிட்டாரு. வானம் கறுத்துக் கிடந்திச்சி. குடைய மறந்துட்டாரு. நான்தான் பின்னால ஓடிப்போய்க் குடுத்தன்."

கேட்டுக்கொண்டு நின்றேன். தன்னை விட்டுப் போகிறவர் மழையில் நனைந்துவிடுவார் என்று ஓடியிருக்கிறார். அதைச் சொல்லும்போதும் உம்மாவின் குரலில் ஒன்றுமில்லை. அரிசி விலை சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"அப்ப ஏன் உம்மா வெள்ள உடுத்தீங்க?"

"நானா உடுத்தன்? கடற்கரைக்குப் போனாரா எண்டு கேட்டாங்க. நான் தலையக் குனிஞ்சன். அவ்வளவுதான். மத்ததெல்லாம் அவங்களே முடிச்சிட்டாங்க." சுளகை ஒரு தட்டுத் தட்டினார். "மவுத்தானவன்ட பொண்டாட்டிக்கு ஊரு சோறு கொண்டு வந்து தருது. உட்டுட்டுப் போனவன்ட பொண்டாட்டிக்கு என்ன புள்ள தரும்? உனக்கு என்ன பேரு வெக்கும்?"

கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். கடைசித் தாளைக் கிழித்து, சின்னச் சின்னத் துண்டாக்கி, பொறுக்கிய கல்லோடு போட்டார். "கொண்டு போய் வெளிய கொட்டு" என்றார். கொட்டினேன்.

அன்றைக்கும் நான் அழவில்லை. ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அழுவதற்கு முதலில் ஏதாவது வலிக்க வேண்டும். எனக்கு எதுவும் வலிக்கவில்லை. அடுத்த கிழமை செல்லத்தங்கம் டீச்சர் புதுப் புத்தகம் ஒன்று நீட்டினார். வேண்டாம் டீச்சர் என்றேன். புயலில் பயந்துவிட்டேன் என்று நினைத்து முதுகைத் தடவினார்.

உம்மா இத்தாவை முழுதாக இருந்து முடித்தார். ஒரு நாள் குறைக்கவில்லை. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. பிறகு நல்ல நல்ல இடத்திலிருந்தெல்லாம் பெண் கேட்டு வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்றார். புருஷன் உயிரோடு இருக்கும்போது இன்னொரு நிக்காஹ் எப்படிச் செய்வது? ஊருக்கு அது தெரியாதே. 'மவுத்தானவனுக்காக வாழ்க்கையையே குடுத்தவள்' என்று அவரைப் புகழ்ந்தார்கள். புதுப் பெண்களுக்கு உம்மாவை உதாரணம் காட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சோறு சமைக்கிறவர் வாய் திறக்காமல் இருந்தால் போதும். உம்மா தைத்தார், நான் பொத்தான் கட்டினேன், வருடங்கள் போயின. எண்பத்தைந்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்ட பிறகு பாண்டிருப்பிலிருந்து டீச்சரும் வருவதில்லை.

எண்பத்தாறில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை ஸலாஹுதீன், சாய்ந்தமருது. வீட்டை என் பெயருக்கு எழுதினார் உம்மா. எல்லாம் சரி. எனக்குள் மட்டும் ஒன்று உறுத்தியது. குர்ஆன் மதரசாவில் படித்தது. பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவர் அவளுடைய வாப்பா. அவர் மவுத்தாகியிருந்தால்தான் அந்தப் பொறுப்பு வாப்பாவின் சகோதரருக்கு வரும். உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் நிக்காஹ் கூடாது, செல்லாது. ஊர் முழுக்க வாழ்த்தும், நான் மட்டும் ஹராமில் வாழ்வேன். கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது உம்மாவிடம் கேட்டேன். எட்டு வருடத்தில் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.

"என்னைய ஆரு குடுக்கிற உம்மா?"

"பெரிய வாப்பா."

"வாப்பா இரிக்கக்குள்ள?"

தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. உம்மா ஒரு கரையை முழுவதும் தைத்து முடித்தார்.

"நிந்தவூருக்கு ஆளனுப்பி இரிக்கன்" என்றார்.

கல்யாணம் ஜூலை மாதம். பெண்டுகள் நிறைந்த அறைக்குள் தலையைக் குனிந்து இருந்தேன். பெரிய வாப்பா முகம்மது தம்பி இரண்டு சாட்சிகளோடு என் சம்மதம் கேட்க அறை வாசலுக்கு வந்தார். வெயிலுக்குக் குடை பிடித்து வந்திருந்தார். மடக்கிக் கதவு நிலையோடு சாய்த்து வைத்தார். வயதானவர் குடை கொண்டு வருவதில் என்ன புதினம்? யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்தக் குடையின் பிடி வெடித்திருந்தது. வெடிப்பைச் சுற்றிச் செம்புக் கம்பி. வாப்பா அந்தக் கம்பியைச் சுற்றும்போது, கம்பி முறுக்கும் குறடு எடுத்துக் கொடுத்தது நான்தான். எனக்கு அப்போது ஏழு வயது.

பெரிய வாப்பா குனிந்தார். என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "நிக்காஹ் கூடும், மகள். கேட்டுத்தான் வந்திரிக்கன். மனசுல ஒண்டும் வெச்சுக்காத."

சம்மதமா என்று சத்தமாகக் கேட்டார். ஓம் என்றேன்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. அவர் இருக்கிறார். பெரிய வாப்பா போய்க் கேட்டால் கிடைக்கிற தூரத்தில்தான் இருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் என்று தெரியும். ஒரு சொல்லைக் கொடுத்து அனுப்பினார். அது உண்மை என்று நம்புவதற்கு ஒரு குடையைக் கொடுத்து அனுப்பினார். வரவில்லை. எட்டு வருடம் மரத்துக் கிடந்தது அப்போதுதான் வலித்தது. நான் அழுதேன். கல்யாணப் பெண் அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை.

சாப்பாடு முடிந்து ஆண்கள் புறப்பட்டார்கள். பெரிய வாப்பா வெறுங்கையோடு படி இறங்கினார். குடை நிலையோடு சாய்ந்தபடியே இருந்தது. அவர் அதை மறக்கவில்லை, வேண்டுமென்றுதான் விட்டுவிட்டுப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. உம்மாவுக்கும் தெரிந்தது. உம்மா குடையை எடுத்தார். பிடியில் இருந்த கம்பியை ஒரு தடவை பார்த்தார். முற்றத்தைத் தாண்டி, அந்த வியாழக்கிழமை ஓடியது போலவே, பின்னால் ஓடினார்.

"மச்சான், குடைய உட்டுட்டுப் போறீங்க. கொண்டு போங்க. இது இந்த வீட்டுச் சாமான் இல்ல."

பெரிய வாப்பா வாங்கிக்கொண்டார். வெயில் கொளுத்தியது. விரிக்காமலே கையில் பிடித்துக்கொண்டு போனார்.

பின்னேரம் மாப்பிள்ளையின் பெட்டி வந்தது. எங்கே வைப்பது என்று கேட்டார்கள். கட்டிலுக்குக் கீழே, வாப்பாவின் இரண்டு செங்கல் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தன. அவற்றின் மேல் வைக்கச் சொன்னேன். அவர் குளிக்கப் போன நேரம் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினாறு சாமான். இப்போதும் அவர் கடைக்குப் போன பிறகு எண்ணிப் பார்க்கிறேன்.